ஒரே செடி, ஒரே கதை, மீதியை வெயில் வரையட்டும்

கேள்வி சுருக்கமாக இது. கவின்கலை இறுதியாண்டு மாணவி, தலைப்பு 'புராணமும் தாவர மாயமும்', ஏ2 அளவு, கையில் எட்டு வாரம். கூந்தலெல்லாம் இலையாக விரியும் வனதேவதை ஒருத்தியை வரைந்து, தாமரை, துளசி, வன்னி, வில்வம் என்று நிஜ இலைகளையும் பூக்களையும் ஒட்டிப் பார்த்திருக்கிறார். பத்தே நாளில் எல்லாம் பழுப்பேறிப் பூசணம் பூத்துவிட்டது. ஆசிரியரோ 'காலண்டர் படம் மாதிரி இருக்கிறது' என்று சொல்லிவிட்டார். இனி என்ன செய்வது?

ஆசிரியர் சொன்னதில் தப்பில்லை. வன்னிக்கு ஒரு கதை, துளசிக்கு வேறொரு கதை, வில்வத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே தலைமுடியில் செருகினால் எந்தக் கதையும் நிற்காது, வெறும் அலங்காரமாகிவிடும். பூசணம் பூத்தது ஈரமும் பசையும் செய்த கோளாறு, அதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. முதல் சிக்கல் செடியைத் தேர்ந்த விதத்தில்.

செடிகளைப் பற்றிய கதைகள் பெரும்பாலும் செடியின் நடத்தையிலிருந்துதான் கிளைக்கின்றன. மாண்ட்ரேக் என்ற செடியின் வேர் இரண்டாகப் பிளந்து மனிதக் கால்கள் போல இருக்கும். அதனால்தான் பிடுங்கும்போது அது அலறும், கேட்டவர் சாவார், எனவே நாயைக் கட்டி இழுக்கச் செய்ய வேண்டும் என்று கதை கட்டினார்கள். கி.பி. 512 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதப்பட்ட வியன்னா டயாஸ்கொரிடீஸ் என்ற மூலிகை ஏட்டிலேயே அந்த வேரும் நாயும் படமாக இருக்கின்றன. வேரின் உருவம் முந்தியது, கதை பிந்தியது. நீங்களும் அந்த வரிசையில் போங்கள்: முதலில் செடி என்ன செய்கிறது என்று பாருங்கள், அப்புறம் கதைக்கு வாருங்கள்.

என் பரிந்துரை பவழமல்லி. காரணம் சொல்கிறேன்.

இதன் கதை பலருக்கும் தெரிந்ததுதான். பாரிஜாதகா என்ற அரசகுமாரி சூரியனைக் காதலித்தாள். அவன் கைவிட்டுப் போனான். அவள் உயிரை விட்டாள். அவளை எரித்த சாம்பலிலிருந்து முளைத்த மரம் சூரியன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இரவில் மட்டும் பூத்து, விடிவதற்குள் பூவையெல்லாம் உதிர்த்துவிடுகிறது. செடி செய்வதும் அதுதான்: அந்தி சாய்ந்தபின் மொட்டவிழும், விடியலில் தரையெல்லாம் பூவாகக் கிடக்கும். தாவரவியல் பெயரான நிக்டாந்தஸ் ஆர்போர்-டிரிஸ்டிஸ் என்பதற்கே 'இரவில் பூப்பது, சோக மரம்' என்றுதான் பொருள். குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் வரும் 'சேடல்' என்பதற்கு உரைகாரர் தரும் பெயர் பவழக்கால் மல்லிகை. வெள்ளைப் பூவுக்குப் பவழக் கால். இதைவிடச் சுருக்கமாக அந்தப் பூவை யாரும் வரைந்ததில்லை.

உங்கள் வேலைக்கு முக்கியமான விஷயம் அந்தக் காலில், அதாவது மடல்களுக்கு அடியில் உள்ள காம்பில்தான் இருக்கிறது. அதன் ஆரஞ்சு நிறம் குங்குமப்பூவில் இருக்கும் குரோசின் வகை நிறமி. முன்பு பட்டுக்குச் சாயமேற்றப் பயன்பட்டது. தண்ணீரில் எளிதாக இறங்கும். ஆனால் வெயில் பட்டால் வெளுத்துப் போகும். சாயக்காரர்களுக்கு இது பெரிய குறை. உங்களுக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. சூரியனைத் தாங்காத பெண்ணின் கதையை, சூரியனைத் தாங்காத சாயத்தில், சூரியனைக்கொண்டே வரையலாம். தாவர மாயம் என்ற தலைப்புக்குப் படத்தில் மின்மினிகளும் ஒளிவட்டமும் போடத் தேவையில்லை. மாயம் தாளிலேயே நடக்கும்.

ஓர் எச்சரிக்கை. பாற்கடலில் பிறந்து, இந்திரலோகத்திலிருந்து கண்ணன் சத்தியபாமைக்காகக் கொண்டுவந்த பாரிஜாதக் கதையும் இதே மரத்தின் மேல்தான் சொல்லப்படுகிறது. அது நல்ல கதைதான், ஆனால் பொறாமையும் உரிமையும் பற்றியது. இரண்டையும் கலந்தால் மறுபடி காலண்டருக்கே போய்விடுவீர்கள்.

முதல் வாரம் முழுக்கச் செடியைப் பார்த்து வரைவதற்கு. பவழமல்லியை நினைவிலிருந்து வரைபவர்கள் வழக்கமாக நான்கு இடங்களில் தவறுகிறார்கள். ஐந்து இதழ் என்று முடிவுகட்டிவிடுவது ஒன்று. ஐந்திலிருந்து எட்டு மடல்கள்வரை இருக்கும், ஒரே கொத்திலேயே எண்ணிக்கை மாறும். மடல்கள் காற்றாடி இறக்கைபோல ஒரு பக்கம் திருகியிருக்கும், நுனியில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டை விட்டால் பூ சாதாரண மல்லிகை ஆகிவிடும். இரண்டாவது, உதிரும் பூவை இதழ் இதழாகப் பறக்கவிடுவது. இது இதழ் உதிர்க்கும் பூவே அல்ல. மடல்களெல்லாம் அடியில் குழலாக ஒட்டியிருப்பதால் முழுப்பூவாகக் கழன்று விழும், பலவும் குப்புற விழுந்து ஆரஞ்சுக் காலை மேலே காட்டும். தரையில் கிடக்கும் பூக்களை மேலிருந்து பார்த்து இருபது படமாவது வரையுங்கள். மூன்றாவது தண்டு. இளந்தண்டு உருண்டை இல்லை, நாற்கோணம். இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும். நான்காவது, காயை மறந்துவிடுவது. தட்டையாக, நாணயம்போல, நடுவில் பிரியும் இரண்டு அறைகள், அறைக்கு ஒரு விதை. கதையில் 'இரண்டாகப் பிரிந்தது' என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல வடிவம் கிடைக்காது. ஏனோ பவழமல்லிப் படங்களில் இது கண்ணில் படுவதே இல்லை.

இலையை விரலால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள்போலச் சொரசொரக்கும். நிறத்தை நீர்க்கக் கரைத்துப் பூசும் மென்மையான பச்சை வாஷ் அதற்குப் பொருந்தாது. வறண்ட தூரிகையை இழுத்து, தாளின் மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்க வையுங்கள்.

பெண்ணை எப்படி மரமாக்குவது? ரோமில் போர்கேசே கலைக்கூடத்தில் இத்தாலியச் சிற்பி பெர்னினி 1622 முதல் 1625 வரை செதுக்கிய அப்போலோ-டாஃப்னி சிலையின் படங்களை எடுத்து விரல் நுனிகளை மட்டும் கவனியுங்கள். அப்போலோ தெய்வம் துரத்த, லாரல் மரமாக மாறிய கிரேக்கக் கதைப் பெண் டாஃப்னி. டாஃப்னி இன்னும் பெண்தான், ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். விரல்கள் மட்டும் இலையாகிவிட்டன, பட்டை உடம்பில் ஏறத் தொடங்கியிருக்கிறது. அவர் செதுக்கியது மாற்றத்தின் நடுவேளையை. தலையில் இலை முளைத்த பெண் என்பது மாற்றம் முடிந்தபின் எடுத்த போட்டோ. அதில் இனி நடக்க ஒன்றுமில்லை. உங்கள் பெண்ணுக்கு லாரல் மரத்தின் விதி பொருந்தாது, பவழமல்லியின் விதிதான். கைகள் இலை ஜோடிபோல எதிரெதிரே விரியட்டும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை உருண்டை மெல்ல நாற்கோணம் ஆகட்டும். முகத்தில் எதையும் செய்யாதீர்கள்.

இனி அமைப்பு. ஏ2 தாளுக்கு ஒரே சீராகச் சாயம் பூசுவதும் அந்த அளவுக்குக் கண்ணாடி வைத்து அழுத்துவதும் கடினம். நான்கு ஏ4 தாள்களைச் சேர்த்தால் சரியாக ஒரு ஏ2. இரவுக்கும் நான்கு யாமம். நான்கிலும் ஒரே உருவம். முதல் தாளில் அழுத்தமாக, நான்காவதில் இருந்தும் இல்லாமலும். இதைச் செய்யும் முறைக்கு ஆந்தோடைப் என்று பெயர். தாவரச் சாறுகளை வெயில் வெளுக்கச் செய்து படம் எடுக்கும் இந்த வழியை 1842இல் ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் ஆராய்ந்து எழுதினார்.

பூவைச் சூரியன் ஏறுமுன் பொறுக்குங்கள். வெயிலில் கிடந்த பூவின் கால் ஏற்கெனவே வெளுக்கத் தொடங்கியிருக்கும். வெள்ளை மடலைக் கிள்ளி எறிந்துவிட்டுக் காம்பை மட்டும் நிழலில் உலர்த்தி, வெளிச்சம் புகாத டப்பாவில் சேருங்கள். நன்கு பூக்கும் மரமாக இருந்தால் ஒரு வாரத்தில் தேவையானது சேர்ந்துவிடும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள வாட்டர்கலர் தாளில் ஏ4க்கு ஒரு பூச்சுக்கு 5 முதல் 6 மில்லி பிடிக்கும். மூன்று பூச்சு, நான்கு தாள், சோதனைத் துண்டுகள் எல்லாம் சேர்த்து 100 மில்லி சாறு வேண்டும். தொடக்க அளவாக நான்கு டேபிள்ஸ்பூன் உலர்ந்த காம்புக்கு 100 மில்லி வெந்நீர் வையுங்கள். கொதிக்க வேண்டாம், கை பொறுக்காத சூடு போதும். மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்து நசுக்கி, பருத்தித் துணியில் வடித்து, பிறகு காப்பி வடிதாளில் இன்னொரு முறை வடியுங்கள். இரண்டாம் வடிப்பைச் சோம்பலில் விட்டால் துகள்கள் தாளில் புள்ளிபுள்ளியாகத் தங்கும், அவை வெளுக்காமல் கடைசிவரை உறுத்தும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் வைத்து உலரவிடுங்கள். வெளிர் மஞ்சளாக வந்தால், சாற்றுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துப் பாதியாக வற்றவிடுங்கள்; அப்படியானால் காம்பும் இருமடங்கு தேவைப்படும். சாறு இரண்டு நாளில் கெட்டுவிடும். உடனே பூசாததை ஐஸ் தட்டில் உறையவைத்து விடுங்கள்.

பூசுவதற்கு ஸ்பாஞ்ச் தூரிகை நல்லது. துருப்பிடித்த உலோகப்பிடி உள்ள தூரிகை வேண்டாம், இரும்பு பட்டால் தாவரச் சாறு கறுக்கும். முதல் பூச்சு நெடுக்கில், அது முழுக்க உலர்ந்தபின் இரண்டாவது குறுக்கில், மூன்றாவது மறுபடி நெடுக்கில். இருட்டறை தேவையில்லை, ஜன்னலை மூடிய அறையும் மங்கலான விளக்கும் போதும். தாளைச் சாய்த்து உலர்த்தாதீர்கள், சாறு கீழோரத்தில் தேங்கி ஒரு கருங்கோடு விழும். தட்டையாக, இருட்டில், விசிறிக்காற்றில் உலரட்டும்.

அடுத்தது பாசிட்டிவ், அதாவது சாயத்தாளின்மேல் வைக்கும் தெளிந்த தாளில் கறுப்பாக எடுத்த படம். ஆந்தோடைப்பில் நெகட்டிவ் கிடையாது: கறுப்பு இருக்கும் இடத்தில் சாயம் தங்கும், தெளிந்த இடத்தில் வெளுக்கும். ஆகவே பெண்ணுருவம் கறுப்பாகவும் பின்னணி தெளிவாகவும் இருக்க வேண்டும். டிரான்ஸ்பரன்சி தாளில் பிரின்ட் எடுத்தால் ஒன்று போதாது, கறுப்பின் வழியே வெயில் கசியும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிசகாமல் பொருத்தி ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். பாலியெஸ்டர் ஃபிலிமில் இந்திய மையால் நேரடியாக வரைவது இன்னும் நல்லது, கோட்டில் உங்கள் கை தெரியும்.

அட்டை, சாயத்தாள், பாசிட்டிவ், கண்ணாடி என்ற வரிசையில் அடுக்கி, நாலு பக்கமும் கிளிப் போட்டு வெயிலில் வையுங்கள். உருவத்தின் ஓரம் மங்கினால் வெயிலைக் குறை சொல்லாதீர்கள். கண்ணாடி அழுத்தவில்லை என்று பொருள். அட்டைக்கு மேல் மெல்லிய ஃபெல்ட் துணி வைத்தால் இறுக்கம் சீராகும். தாளில் ஈரம் மிச்சமிருந்தால் கண்ணாடியின் உட்புறம் வியர்த்துச் சொட்டும், அந்த இடம் கறையாகும்.

எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் பயனில்லை. வெயில், சாற்றின் அடர்த்தி, தாள் மூன்றும் சேர்ந்து முடிவு செய்வது அது. ஒரே சாறு பூசிய துண்டுத்தாளை நான்கு பாகமாக்கி, 2, 4, 8, 16 மணி நேர நேரடி வெயில் காட்டி, முடிந்த பாகத்தை வரிசையாக மூடிக்கொண்டே வாருங்கள். நிழலும் மேகமும் கணக்கில் சேராது. இந்தத் துண்டுத்தாள்தான் உங்கள் கடிகாரம். போர்ட்ஃபோலியோவிலும் இதை வையுங்கள், ஆசிரியர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

நான்கு தாளையும் ஒரே நேர அளவுக்கு, பின்னணி வெளுக்கும்வரை பாசிட்டிவோடு வையுங்கள். பிறகு பாசிட்டிவை எடுத்துவிடுங்கள். முதல் தாள் நேரே இருட்டுக்குப் போகட்டும். இரண்டாவதை, பின்னணி வெளுத்த நேரத்தில் கால் பங்கு வெறுமனே வெயிலில் காட்டுங்கள், மூன்றாவதைப் பாதி, நான்காவதை முக்கால் பங்கிலிருந்து அடிக்கடி பார்த்து, உருவத்தின் கடைசிச் சாயல் மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிடுங்கள். ஓர் அரைமணி தாமதித்தாலும் வெறும் தாள்தான் கையில் இருக்கும், மீட்க வழியில்லை. அதனால் நான்காவதற்கு மட்டும் இரண்டு உபரித் தாள் பூசி வைத்திருங்கள், அவற்றுக்கும் சேர்த்துச் சாற்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நான்காவது தாளில்தான் பூ வர வேண்டும். மங்கிய உருவத்தின் காலடியில் உதிர்ந்த பூக்களை வாட்டர்கலரில் வரையுங்கள். தாள் ஏற்கெனவே வெளிர்ந்திருப்பதால் வெள்ளைப் பூவுக்கு வெள்ளைச் சாயம் அடிக்க வேண்டியதில்லை. பூவைச் சுற்றி நீலச்சாம்பல் நிழலை மட்டும் போட்டால் பூ தானே எழும். காலுக்கு இங்கே நிலைத்த ஆரஞ்சு நிறமியைப் பயன்படுத்துங்கள். பெண் மறைந்துவிடுவாள், பூவின் கால் மறையாது.

சாம்பலையும் கொண்டுவர ஆசையா? வரைபொருளாகவே கொண்டுவரலாம். விறகுச் சாம்பலைச் சலித்து, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டு இரவு முழுக்கத் தெளியவைத்து மேல்நீரை எடுங்கள். அது காரநீர், கையுறை அவசியம், அலுமினியப் பாத்திரம் கூடாது. ஒரு டேபிள்ஸ்பூன் மஞ்சள்தூளை 50 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து (பக்கத்தில் நெருப்பு வேண்டாம்), நான்காவது தாளின் அடியோரத்தில் வேர்போலக் கோடுகள் இழுங்கள். உலர்ந்தபின் அதன்மேல் சாம்பல்நீரைத் தொட்டால் மஞ்சள் செம்பழுப்பாக மாறும். முதலில் பளிச்சென்ற சிவப்பு, உலர உலரப் பழுப்பு. சில தாள்களில் சுண்ணாம்புச் சத்து சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட தாளில் மஞ்சள் முன்கூட்டியே திட்டுத்திட்டாகச் சிவந்துவிடும், ஆகவே ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பவழமல்லிப் பூ கிடைக்காத பருவமாக இருந்தால் முழு வேலையையும் இந்த மஞ்சள் சாற்றிலேயே செய்யலாம், நல்ல வெயிலில் சில மணி நேரத்திலேயே வெளுக்கும். மாயம் ஒரு படி குறையும், அவ்வளவுதான். தூளில் செயற்கைச் சாயம் கலந்திருந்தால் வெளுப்பு சரியாக வராது. கிழங்கை நீங்களே இடித்துக்கொள்வது உத்தமம்.

நிஜ இலைகளை ஒட்டும் எண்ணத்தை விட மனமில்லையென்றால் ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். உங்கள் இலைகள் கெட்டது பச்சையாகவே ஒட்டியதால். இலையின் ஈரமும் பசையின் மாவுச்சத்தும் சேர்ந்தால் பூசணத்துக்கு விருந்து. இலையைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்துப் பாரம் ஏற்றி, முதல் நான்கு நாள் தினமும் தாள் மாற்றி, மொத்தம் இரண்டு வாரம் விடுங்கள். கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியக் கூடாது. தெரிந்தால் ஈரம் போகவில்லை. ஒட்டுவதற்கு அமிலமில்லாத பிவிஏ என்ற வெள்ளைப் பசையை நடுநரம்பில் மட்டும் மெல்லிய கோடாகத் தடவினால் போதும். எப்படி உலர்த்தினாலும் பச்சை மங்கத்தான் செய்யும், பவழமல்லியின் வெள்ளை மடலும் பழுப்பாகும். அதைத் தடுக்க வார்னிஷ் அடிக்காதீர்கள். பழுப்பு போகாது, பளபளப்பு மட்டும் கூடும்.

ஆந்தோடைப்பை நிலைப்படுத்த எந்த மருந்தும் இல்லை. காட்சிக்கு வைத்தால் தொடர்ந்து வெளுக்கும். முதலில் 600 டிபிஐ-யில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பிறகு நான்கு தாளையும் ஒரே சட்டத்தில் போட்டு, முன்னால் கனத்த கறுப்புத் துணி தொங்கவிட்டு, பார்ப்பவர் தானே விலக்கிப் பார்க்கும்படி வையுங்கள். ஒவ்வொருவர் விலக்கும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் வெளுப்பாள். இதைத் துணியின் பக்கத்தில் ஒரே வரியில் எழுதிவிடுங்கள், விளக்கக் கட்டுரை வேண்டாம். பெயர்ச்சீட்டில் ஊடகம் என்ற இடத்தில் 'பவழமல்லிக் காம்புச் சாறு, மஞ்சள், சாம்பல்நீர், வாட்டர்கலர், வெயில்' என்று இருக்கட்டும்; வெயிலை விட்டுவிடாதீர்கள்.

எட்டு வாரத்தில் முதல் வாரம் செடிக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் காம்பு சேர்ப்பதற்கும் சோதனைத் துண்டுகளுக்கும். நான்காவது பாசிட்டிவ் வரைய. ஐந்தும் ஆறும் வெயிலுக்கு, மேகமூட்ட நாட்களுக்கும் சேர்த்து. ஏழாவது வாரம் நான்காவது தாளின் பூக்களுக்கு. எட்டாவதைச் சட்டத்துக்கும் துணிக்கும் ஒதுக்குங்கள். மழைக்காலமாக இருந்தால் பாசிட்டிவ் வேலையை முன்னுக்குத் தள்ளி, பூசிய தாள்களை இருட்டில் தயாராக வைத்துக்கொண்டு வெயில் வரும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.